மலையில் வேலை செய்யும் எலக்ட்ரீஷியனின் பை: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், மஞ்சூர் பக்கம் எஸ்டேட் லைன் வீடு, பழைய பங்களா, தேயிலை ஃபேக்டரி, காட்டேஜ் என்று மாறி மாறி வேலைக்குப் போகிறவர்களுக்கான பக்கம் இது. சமவெளியில் வண்டி வாசலிலேயே நிற்கும். மறந்த சாமானை எடுத்துவர ஐந்து நிமிடம் போதும். இங்கே ரோட்டில் வண்டியை விட்டு இருநூறு படி இறங்கிய பிறகுதான் மல்டிமீட்டர் வண்டியிலேயே இருப்பது நினைவுக்கு வரும். திரும்ப ஏறச் சலிப்பாக இருக்கும், மழையும் பெய்யும். 'மெயின் ஆஃப்தானே' என்று கை வைக்கத் தோன்றுவது அந்த நேரத்தில்தான். எந்தக் கருவி முதுகில் வர வேண்டும், எது வண்டியில் கிடக்கலாம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யச் சொல்வது இதனால்தான்.

தினமும் முதுகில் போக வேண்டிய கருவிகள் எவை?

8 அங்குல கட்டிங் பிளேயர், 6 அங்குல நோஸ் பிளேயர், சைடு கட்டர், வயர் ஸ்ட்ரிப்பர். ஸ்க்ரூ டிரைவரில் தட்டை முனை 3 மி.மீ. ஒன்று, 6 மி.மீ. ஒன்று, ஸ்டார் முனை 1, 2, அதோடு எம்சிபிக்கான (லோடு ஏறினால் தானாக விழும் பிரேக்கர் சுவிட்ச்) பிஇசட் 2. போக்கர், மடக்குக் கத்தி, 10-11, 12-13 ஸ்பேனர், 5 மீட்டர் டேப், அரை கிலோ சுத்தியல், ஒரு சின்ன உளி, சிறிய ஹேக்ஸா. சோதனைக்கு டெஸ்டர், மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப் மூன்றும். தலையில் மாட்டும் டார்ச் கட்டாயம். ஆடி மாதக் காற்றில் மரம் விழுந்து லைன் போனால் நடுப்பகலிலும் பங்களாவின் உள்ளறை இருட்டாகத்தான் இருக்கும். கையில் டார்ச் பிடித்தால் வேலைக்கு ஒரு கைதான் மிஞ்சும்.

இன்சுலேஷன் டேப் இரண்டு ரோல், கனெக்டர், ஃபியூஸ் வயர், 1.5 சதுர மி.மீ. வயர் சில மீட்டர், காய்ந்த பருத்தித் துணி இரண்டு ஆகியவையும் உள்ளே இருக்கட்டும். மொத்தம் 7 கிலோவுக்குள் நிறுத்துங்கள். டிரில் மெஷின், மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்), ஃபிஷ் வயர் (பைப்புக்குள் வயரை இழுக்கும் எஃகு கம்பி), கிரிம்பிங் டூல் எல்லாம் இரண்டாவது பையில் இருக்கட்டும். என்ன வேலை என்று போனிலேயே கேட்டு, தேவைப்பட்டால் மட்டும் அதைத் தூக்குங்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று எல்லாவற்றையும் சுமப்பவர் மாலையில் களைத்துப் போவார். களைத்த கை ஸ்க்ரூவைச் சரியாக முறுக்காது.

கடையில் கட்டிங் பிளேயரை எப்படிப் பார்த்து வாங்குவது?

பிளேயரின் வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெட்டும் விளிம்பில் வெளிச்சக் கோடு தெரிந்தால் அது மெல்லிய இழையை வெட்டாது, நசுக்கும். அடுத்து மெல்லிய காகிதத்தை வெட்டிப் பாருங்கள். அடி முதல் நுனி வரை ஒரே சீராக அறுபட வேண்டும். பிறகு இரு பிடிகளையும் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், மூட்டில் ஆட்டம் இருக்கக் கூடாது. திறக்க வலு தேவைப்படும் பிளேயரும் வேண்டாம், தானாக விரிந்து விழுவதும் வேண்டாம்.

வாங்கிய பிறகு அதைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே தவறுதான்: ஃபிஷ் வயர், பைக் கிளட்ச் கேபிள் மாதிரியான கடினமான எஃகை வெட்டுவது. ஒரு தடவை வெட்டினாலே விளிம்பில் பிறை மாதிரி பள்ளம் விழும். அதன் பின் செம்பு வயரின் இழைகளில் இரண்டு மூன்று வெட்டுப்படாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். டெர்மினலுக்குள் நுழைக்கும்போது அந்த இழைகள் வெளியே பிதுங்கி பக்கத்து டெர்மினலைத் தொடும்.

பிடியில் பிளாஸ்டிக் உறை இருக்கிறதே, ஷாக் அடிக்காது அல்லவா?

சாதாரண உறை வழுக்காமல் பிடிக்கத்தான். அதை நம்பி லைவில் கை வைக்கக் கூடாது. மின்காப்புக் கருவி என்றால் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் பிடியிலேயே பதிந்திருக்கும். ஐஇசி 60900 தரப்படி அவற்றை 10,000 வோல்ட்டில் சோதித்து, 1000 வோல்ட் வரை பயன்படுத்த அனுமதிக்கிறார்கள். பலவற்றில் உறை இரண்டு நிற அடுக்காக இருக்கும். வெளி நிறம் தேய்ந்து உள் நிறம் தெரிந்தால் அந்தக் கருவியை லைன் வேலையிலிருந்து விலக்கிவிட வேண்டும். மேலே டேப் சுற்றி அதைச் சரிக்கட்ட முடியாது.

இங்கே இன்னொரு விஷயமும் உண்டு. உறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் மேல் ஈரமும் மண்ணும் படிந்தால் அந்தப் படலத்தின் வழியே கரண்ட் கைக்கு வரும். மூடுபனியில் நடந்துவந்த உடனே பையிலிருந்து எடுத்த பிளேயரின் பிடி ஈரமாகத்தான் இருக்கும். காய்ந்த துணியால் பிடியையும் கையையும் துடைத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். பையில் துணி வைக்கச் சொன்னது அதற்குத்தான்.

டெஸ்டர் எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

டெஸ்டருக்குள் ஒரு நியான் பல்பும் சுமார் ஒரு மெகாஓம் ரெசிஸ்டரும் இருக்கின்றன. முனையில் தொடங்கி அவற்றின் வழியாகவும் உங்கள் உடம்பின் வழியாகவும் கரண்ட் தரைக்குப் போனால்தான் பல்பு எரியும். பழைய பங்களாவின் மரத்தளத்தில், ரப்பர் பூட்ஸ் போட்டு, மர ஏணி மேல் நின்றால் தரைக்குச் சரியான வழி இல்லை. லைவ் வயரில் வைத்தாலும் பல்பு மங்கலாகத்தான் எரியும். வெயிலில் நின்றால் அந்த மங்கலும் கண்ணுக்குத் தெரியாது.

எரிந்தாலும் அதற்கு ஒரே அர்த்தம் இல்லை. பக்கத்து லைவ் வயரோடு ஒரே பைப்பில் நீளமாக ஓடும் துண்டித்த வயர்கூட டெஸ்டரை லேசாக எரியவைக்கும். பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் எரிந்தால் பெரும்பாலும் நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. ஆன் செய்த பல்பு வழியாக ஃபேஸ் திரும்பி நியூட்ரலுக்கு வந்து நிற்கிறது. இங்கே நியூட்ரல் என்று நம்பித் தொட்டால் முழு 230 வோல்ட் அடிக்கும். மழைக் காலத்தில் டெஸ்டரின் உள்ளே ஈரம் இறங்கினால் கரண்ட் ரெசிஸ்டரைத் தாண்டி நேராக விரலுக்கு வர வாய்ப்புண்டு. உள்ளே ஆவி படிந்திருக்கும் டெஸ்டரைத் தொடாதீர்கள்.

டெஸ்டரை ஃபேஸ் எந்தப் பக்கம் என்று தேட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லை என்பதை இரண்டு முனை உள்ள கருவியால் உறுதி செய்யுங்கள். வரிசை இது: முதலில் லைவ் என்று நிச்சயமாகத் தெரிந்த ஓர் இடத்தில் மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து வேலை செய்யும் இடத்தில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் அளக்க வேண்டும். கடைசியில் மறுபடி அந்த லைவ் இடத்துக்குப் போய் மீட்டர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் பேட்டரி போயிருந்தாலோ லீட் உள்ளே அறுந்திருந்தாலோ அது இந்தக் கடைசிப் படியில்தான் தெரியவரும்.

மெயினை ஆஃப் செய்துவிட்டோம் என்ற நம்பிக்கையும் இங்கே போதாது. கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்பதால் இன்வெர்ட்டர் இல்லாத ஹோம்ஸ்டே குறைவு. மெயின் ஆஃப் ஆனதும் இன்வெர்ட்டர் கரண்ட் போய்விட்டதாக எண்ணி, தன் லைனுக்கு உடனே கரண்ட் கொடுக்கும். 'இன்வெர்ட்டர் எங்கே, ஜெனரேட்டர் எங்கே?' என்று வீட்டுக்காரரிடம் கேட்டு அவற்றையும் நிறுத்திய பிறகே கவரைக் கழற்றுங்கள்.

மீட்டர் இருக்கும்போது டெஸ்ட் லேம்ப் எதற்கு?

டிஜிட்டல் மீட்டர் மிகக் குறைந்த கரண்டை எடுத்தே அளக்கும். துண்டித்த வயரிலும் 60, 80 வோல்ட் என்று காட்டும். அது சும்மா வந்து நிற்கும் வோல்டேஜ். டெஸ்ட் லேம்ப் மாட்டினால் அந்த வோல்டேஜ் அங்கேயே படுத்துவிடும். லோடு தாங்காத லூஸ் கனெக்ஷனையும் லேம்ப் காட்டிக்கொடுக்கும். மீட்டரில் 230 வந்தும் லேம்ப் மங்கினால், எங்கோ இணைப்பு கருகியிருக்கிறது.

இதற்கு எல்இடி பல்பு உதவாது, சும்மா வந்த வோல்டேஜிலும் அது மினுங்கும். 40 வாட் இழை பல்பு போடுங்கள், சுற்றி ஒரு கூண்டு இருக்கட்டும். இரண்டு ஃபேஸுக்கு நடுவே ஒற்றை பல்பை வைத்தால் 415 வோல்ட்டில் அது வெடிக்கும். அங்கே சீரிஸில் ஒரே வாட் பல்பு இரண்டு வேண்டும். ஃபேஸ்-எர்த்தில் வைக்கும்போது கூடுதல் கவனம் தேவை. எர்த் கம்பி அறுந்த வீட்டில் அப்படி வைத்தால் அந்த எர்த்தில் சேர்ந்த கீசர், கிரைண்டர் உடம்பு எல்லாமே ஃபேஸாக மாறும். யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டு ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். எர்த் சரியாக இருந்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அது உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மல்டிமீட்டர் வாங்கும்போது ஊரின் உயரத்தைப் பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும். கடையில் யாரும் சொல்லாத விஷயம் இது. மீட்டரின் மேல் கேட் 2, கேட் 3 என்று ரோமன் எண்ணில் ஒரு பாதுகாப்பு வகையும் பக்கத்தில் ஒரு வோல்ட்டும் அச்சிட்டிருக்கும். பெரும்பாலான மீட்டர்களுக்கு அந்த மதிப்பு கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் வரைக்குமே பொருந்தும். உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைகிறது. அடர்த்தி குறைந்த காற்றில் தீப்பொறி அதிக இடைவெளியைத் தாண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். குன்னூர் சுமார் 1,850 மீட்டர்தான். ஆக குன்னூருக்குச் சரியாக இருக்கும் மீட்டர், ஊட்டிக்கு ஏறும் வழியிலேயே தன் எல்லையைக் கடந்துவிடும். கொடைக்கானலுக்கும் இதே கணக்குதான்.

230 வோல்ட் அளந்தவுடன் வெடித்துவிடும் என்று பயப்பட வேண்டாம். மின்னல் நேரத்திலோ பெரிய மோட்டார் நிற்கும்போதோ லைனில் ஏறும் திடீர் உச்ச வோல்டேஜைத் தாங்கும் இருப்பு குறைகிறது, அவ்வளவுதான். அதனால் மெயின் போர்டில் வைக்கும் மீட்டர் கேட் 3, 600 வோல்ட் போதும் என்று தோன்றினால், ஊட்டிப் பக்கம் கேட் 3, 1000 வோல்ட்டாகவோ கேட் 4, 600 வோல்ட்டாகவோ வாங்குங்கள். லீடும் அதே தரத்தில் இருக்க வேண்டும். உள்ளே ஃபியூஸ் போனால் அதே மதிப்புள்ள செராமிக் ஃபியூஸைத்தான் போட வேண்டும். கண்ணாடி ஃபியூஸோ வயர் துண்டோ போட்டால் வாங்கிய தரம் அதோடு போய்விடும்.

எம்சிபி ஸ்க்ரூவின் தலை தேய்ந்து வழுக்குகிறது. ஏன்?

பெரும்பாலும் சாதாரண ஸ்டார் முனையால் திருகுவதால். எம்சிபி டெர்மினலின் ஸ்க்ரூத் தலையை உற்றுப் பாருங்கள். கூட்டல் குறியின் நான்கு கைகளுக்கு நடுவே மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பிஇசட் வகை. சாதாரண ஸ்டார் முனை சரிவாக இருப்பதால் அழுத்தித் திருகும்போது மேலே ஏறி நழுவும். கைக்கு 'டைட்' ஆனதுபோல் இருக்கும், வயரோ லூஸாகவே நிற்கும். கீசர் ஓடும் குளிர்காலக் காலையில் அந்த இடம் சூடேறி, பிளாஸ்டிக் உருகிய வாசம் வரும்.

பிஇசட் 2 முனை போடுங்கள். முறுக்கு எவ்வளவு என்பது எம்சிபியின் பக்கத்திலோ பெட்டியிலோ இருக்கும். சிறியவற்றுக்கு பொதுவாக 2 முதல் 2.5 நியூட்டன் மீட்டர். வயரின் தோலை அங்கே குறித்திருக்கும் நீளத்துக்கு மட்டும் உரியுங்கள். தோல் டெர்மினலுக்குள் மாட்டினாலும் அதே லூஸ்தான்.

நூறு வருடப் பங்களாவின் வயரிங்கில் வேறு கருவி வேண்டுமா?

வேண்டும், பொறுமையும் வேண்டும். மரக் கேசிங் கேப்பிங்கில் (வயர் ஓடும் மரப் பள்ளமும் அதன் மூடிப் பலகையும்) ரப்பர் தோல் வயர் இன்னும் சில இடங்களில் கிடக்கிறது. அந்த ரப்பர் காய்ந்து பிஸ்கட் மாதிரி நொறுங்கும். ஸ்ட்ரிப்பரால் இழுத்தால் தேவையான அளவோடு நிற்காது, உள்ளே கண்ணுக்குத் தெரியாத இடம் வரை தோல் உதிரும். கத்தியால் மெதுவாகச் சீவி எடுங்கள். வளைக்காதீர்கள். முடிந்தால் அந்தத் துண்டை முழுதாகவே மாற்றும்படி வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

கேப்பிங்கில் இருப்பது பித்தளைத் தட்டைத்தலை ஸ்க்ரூ, பல கோட் பெயின்ட் அடைத்திருக்கும். போக்கர் நுனியால் பெயின்ட்டைச் சுரண்டி, பள்ளத்தின் முழு அகலத்துக்கும் பொருந்தும் முனையைப் போட்டு, முதலில் இறுக்குகிற பக்கமாக ஒரு மயிரிழை அளவு திருப்பி, பிறகு கழற்றுங்கள். சிறிய முனை போட்டால் பித்தளைத் தலை பாதியாகப் பிளக்கும். பலகையைத் தூக்க அகலமான மெல்லிய உளி வேண்டும், ஸ்க்ரூ டிரைவரை நெம்புகோலாக்கினால் தேக்கு வெடிக்கும்.

கல் சுவரில் ரால் பிளக்குக்கு (ஸ்க்ரூவைப் பிடித்து நிற்கும் செருகி) ஓட்டை போடும்போது கல்லுக்கு நடுவே உள்ள சுண்ணாம்பு, மண் பூச்சைத் தேடாதீர்கள். அங்கே பிளக் நிற்காது. கல்லிலேயே போடுங்கள், நேரம் ஆனாலும்.

மழைக் காலத்தில் எல்லாம் துருப்பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஊட்டியில் வருடத்தின் பெரும்பகுதி அது கட்டிதான். பிளேயர் மூட்டில் பிசினாகிப் புழுதியைப் பிடித்துவைக்கும். தையல் மெஷின் எண்ணெய் மூட்டுக்கு ஒரு சொட்டு, உலோகப் பகுதிக்குத் துணியில் தொட்டு ஒரு துடைப்பு போதும். பிடியில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துருவுக்குக் காரணம் மழை மட்டும் இல்லை. ஈரப் பையை மாலையில் அப்படியே மூடி வைப்பதுதான் பெரிய காரணம். வீட்டுக்கு வந்ததும் கருவிகளைக் கொட்டித் துடைத்து, பையைத் திறந்து கவிழ்த்து வையுங்கள். கூடலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை இதைத் தினமும் செய்ய வேண்டும். மீட்டர் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பாக்கெட் இரண்டு போடுங்கள்.

குளிரில் டேப் ஒட்டவில்லை, பேட்டரி டிரில்லும் சோர்ந்துபோகிறது.

பிவிசி டேப் குளிரில் விறைக்கும், பசை பிடிக்காது. அன்றைக்குத் தேவையான ரோலை ஸ்வெட்டர் உள்பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வயரின் ஈரத்தைத் துடைத்து, டேப்பை இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றி, கடைசிச் சுற்றை மட்டும் இழுக்காமல் விடுங்கள். இழுத்து முடித்த நுனி தானாகப் பிரியும். பிவிசி பைப்பையும் காலையில் அப்படியே வளைத்தால் உடையும். துணியால் தேய்த்துச் சூடேற்றி, உள்ளே ஸ்பிரிங் விட்டு வளையுங்கள்.

லித்தியம் பேட்டரியை உறைபனிக் குளிரில் சார்ஜ் போடக் கூடாது, உள்ளே நிரந்தரக் கேடு வரும். மார்கழி, தை இரவுகளில் வண்டியிலேயே விட்டுவிட்டு விடிந்ததும் சார்ஜரில் மாட்டாதீர்கள். அறைக்குள் வைத்து வெதுவெதுப்பான பிறகு போடுங்கள்.

தேயிலை ஃபேக்டரிக்குள் போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

குளிரிலிருந்து டிரையர் ஹாலின் சூட்டுக்குள் நுழைந்ததும் மீட்டரின் கண்ணாடியில் வியர்க்கும். உள்ளேயும் அதே வியர்வை இருக்கும். பையை மூடியபடியே 20 நிமிடம் வைத்துவிட்டு, பிறகு லைவில் அளங்கள்.

உள்ளே கொண்டுபோன கருவிகளை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள், வெளியே வரும்போது மறுபடி எண்ணுங்கள். கன்வேயர் மேல் மறந்த ஒரு ஸ்பேனர் இலையை நசுக்கிக் கிழிக்கும் சி.டி.சி. ரோலருக்குள் போனால் பற்கள் போய்விடும், அன்றைய இலையும் தேங்கும். மேல் வேலைக்கு பிளேயரைக் கயிற்றால் பெல்ட்டோடு கட்டிக்கொள்ளுங்கள். மோட்டாரில் கை வைக்கும் முன் ஃபியூஸ் கேரியரைக் கழற்றி உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் மாறி வந்தவருக்கு நீங்கள் உள்ளே இருப்பது தெரியாது.

பையா, பெட்டியா, பெல்ட்டா?

படிக்கட்டு ஊருக்கு முதுகுப் பை. இரும்புப் பெட்டி ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும், வழுக்கும் பாசிப் படியில் அந்தக் கை உங்களுக்கு வேண்டும். ஒரு தோளில் மாட்டும் பை குனியும்போது முன்னால் ஆடிவந்து கால் தடுமாற வைக்கும். அடிப்பாகம் கெட்டியாக இருந்து தானாக நிற்கும் பை வாங்குங்கள். கனமானவை முதுகை ஒட்டியும் மீட்டர் மேலேயும் இருக்கட்டும். இடுப்பு பெல்ட்டில் முதுகெலும்புக்கு நேரே எதையும் தொங்கவிடாதீர்கள். சறுக்கி உட்கார்ந்தால் சுத்தியல் தலைமேல்தான் உட்காருவீர்கள். ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப்பையில் நட்டு வைத்துப் படி இறங்குவதும் கூடவே கூடாது.

சரிவான இடத்தில் ஏணியை எப்படி நிறுத்துவது?

மர ஏணியோ ஃபைபர் ஏணியோ மட்டும். அலுமினியம் வேண்டாம். 4 மீட்டர் உயரத்தில் சாய்த்தால் அடி சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தாழ்வான காலுக்குக் கல்லோ செங்கல்லோ முட்டுக்கொடுக்காதீர்கள், நனைந்த செம்மண்ணில் அது நழுவும். மேட்டுப் பக்கத்தைக் கொத்தி இரண்டு காலும் ஒரே மட்டத்தில் வரச் செய்யுங்கள்.

வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் போஸ்ட்டில் லூஸாக இருக்கிறது. ஏறிச் சரிசெய்ய என்ன கருவி வேண்டும்?

எந்தக் கருவியும் வேண்டாம். போஸ்ட்டும் மீட்டர் வரைக்குமான வயரும் மின்வாரியத்தின் பொறுப்பு. வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில், மீட்டர் அட்டையில் உள்ள சர்வீஸ் நம்பரைச் சொல்லிப் புகார் பதிவு செய்யுங்கள்.